அடிபடாத வண்டி

டிரைவிங் ஸ்கூலில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக்கக்கா. கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்டும் வண்டியில், பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதன் மேல் காலை வைத்தபடியே அவருடைய வாழ்க்கையில் பெரும்பகுதி கழிந்தது. நாங்கள் சைக்கிள்காரர் மேல் ஏற்றப் போகும்போதும், சிக்னலைப் பார்க்காமல் கடைப் பலகைகளைப் படிக்கும்போதும், கிளட்சை விடச் சொன்னால் ஸ்டியரிங்கை விடும்போதும் அந்தக் கால் அழுந்தும். வண்டி குலுங்கி நிற்கும். "எல்லாரும் முழுசா இருக்கோமா? சரி, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். யாரையும் திட்டியதில்லை. திட்டையெல்லாம் சேர்த்து வைத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது தீர்த்துக்கொள்வார் என்று அவருடைய கணவரே சொல்லியிருக்கிறார்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். சாயங்காலம் ஸ்கூல் வாசலில் வந்து காத்திருப்பார். இருவரும் பேசிக்கொண்டே நடந்து வீட்டுக்குப் போவார்கள். பாதி ஊருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்குச் சொந்த வண்டி கிடையாது.

நான் தலையில் முடி கொட்ட ஆரம்பித்த பிறகு கற்றுக்கொள்ள வந்தவன். லைசென்ஸ் டெஸ்ட்டில் தோற்றுத் தோற்றுத் திரும்பி வந்ததால், அக்காவின் வண்டி தேடல் முழுவதையும் பக்கத்தில் இருந்தே கேட்கும் பாக்கியம் கிடைத்தது. பாடம் பாதி, கதை பாதி.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போன பிறகு, ஒருநாள் சாப்பிடும்போது அக்கா கணவரிடம் சொன்னார்.

"எனக்கு ஒரு வண்டி வேணுங்க."

"வாங்கிட்டாப் போச்சு. சின்னதா, நாலு கதவு வச்சு..."

"ரெண்டு கதவு. ரெண்டே சீட்டு. தரையோட தரையா இருக்கணும். கியர் நான் போடணும்."

கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "ஸ்போர்ட்ஸ் காரா?"

"ஆமா."

"உனக்கு முட்டி வலிக்குமே."

"முட்டி என்னோடது. பக்கத்து சீட்டுல உக்காந்து உக்காந்து எனக்கு ஒரு பக்கமாவே வயசாயிடுச்சு. ஒரு தடவையாவது நானே ஓட்டணும். நான் போட்ட கியர்ல, நான் திருப்பின பக்கம் அது போகணும்."

கணவர் எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. ஆனால் புதிய ஸ்போர்ட்ஸ் கார் என்பது அவர்களுக்கு எட்டாத சமாச்சாரம். யாராவது ஓட்டிவிட்டு விற்பதைத்தான் வாங்க வேண்டும். அங்கே ஆரம்பித்தது தலைவலி.

முதல் வண்டி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நின்றது. சிவப்பு. முகம் பார்த்துத் தலை சீவலாம் போலப் பளபளத்தது. விற்பவர் வாசனைத் தைலம் மணக்க, இரண்டு கைகளிலும் சாவியை வைத்து நீட்டினார். "புள்ள மாதிரி வச்சிருந்தேன் மேடம். எறும்பு மேல கூட மோதினதில்ல."

அக்காவுக்கு வண்டியின் உடம்பைப் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று இடுப்பால் உணரப் பழகியவர். சாலையில் போகும்போது வண்டி ஓரத்தை நோக்கி லேசாக நழுவியது.

"ரோடு சரிவு மேடம். எல்லா ரோடும் ஓரமாச் சரிஞ்சுதானே இருக்கும்?" என்றார் விற்பவர்.

அது உண்மைதான். அதனால் அக்கா வண்டியை நேராக எங்கள் பயிற்சி மைதானத்துக்கே ஓட்டி வந்தார். மேசை மாதிரி சமமான இடம். நாங்கள் நான்கைந்து பேர் வேடிக்கை பார்த்தோம். அங்கே ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். வண்டி சாலையில் இழுத்த பக்கமே போனது. முதல்நாள் பெய்த மழையில் மண் ஈரமாக இருந்தது. நேராக ஓட்டிவிட்டு இறங்கிச் சக்கரத் தடங்களைப் பார்த்தார். ஒரு பக்கம் பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தது. மறு பக்கம் உள்ளே ஒதுங்கியிருந்தது. வண்டி நண்டு மாதிரி சாய்ந்துகொண்டு நேராகப் போயிருக்கிறது.

"இது என்னங்க?" என்றார் அக்கா.

"டயர்ல காத்து கம்மி மேடம்."

காற்று குறைந்தால் வண்டி இழுக்கலாம். பின்பாதி இடம் மாறுமா? பக்கத்திலிருந்த டிங்கர் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் புகைந்துகொண்டிருந்த பீடியை அணைக்காமலேயே பானட்டைத் திறந்தார். மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் காட்டினார். கம்பெனியில் வண்டியோடு சேர்ந்து பெயிண்ட் வாங்கிய போல்ட்டுகள். அவற்றின் தலைகளில் மட்டும் பெயிண்ட் பெயர்ந்து இரும்பு தெரிந்தது. யாரோ ஸ்பானர் போட்டுத் திருப்பியிருக்கிறார்கள்.

"மூஞ்சி மாத்தின வண்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விற்பவரின் முகம் சுருங்கியது. "வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. எதுக்கு ஊரைக் கூட்டறீங்க?" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினார். எங்கள் மைதானத்தின் தடுப்புக் கூம்பு ஒன்றை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் போனார். எறும்பு மேல்கூட மோதாதவர்.

அக்கா அன்று சிரித்தார். அதற்குப் பிறகு சிரிப்பு குறைந்துகொண்டே போனது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டி பார்க்கப் போவது என்றாகிவிட்டது. ஒவ்வொரு வண்டியும் ஏமாற்றுவதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. ஒன்றில் எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் ஒரே வருட முத்திரை, முன்கண்ணாடியில் மட்டும் இரண்டு வருடம் பிந்திய முத்திரை. கல் பட்டு உடைந்தது என்றார்கள். கல்லும் இருக்கலாம், லாரியும் இருக்கலாம். இன்னொன்றில் சாவியைத் திருப்பியதும் எரிந்து அணைய வேண்டிய காற்றுப்பை விளக்கு எரியவே இல்லை. விளக்கு எரியவில்லையென்றால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தானே அர்த்தம் என்று விற்ற அம்மாள் வாதாடினார். அக்கா விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. காற்றுப்பை ஒருமுறை வெடித்தபின் புதிது போடாமல் மூடியை மட்டும் ஒட்டிவிட்டு, காட்டிக்கொடுக்கும் விளக்கையும் பிடுங்கி விடுகிறவர்கள் உண்டாம். அதைக் கேட்டு அக்கா இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. "நாளைக்கு ஒருத்தன் அதை நம்பி உக்காருவான் சார். உயிர் சார்!" என்று என்னிடம் கத்தினார். நான்தான் அதைச் செய்தவன் போல ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கணவரும் சளைக்கவில்லை. கடையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை எடுத்து வந்து, கதவோரத்து ரப்பரை விரலால் விலக்கி, அடியில் மறுபடி அடித்த பெயிண்டின் விளிம்பு தெரிகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். விற்பவர்கள் அவரை ஏதோ பெரிய நிபுணர் என்று நினைத்து வியர்த்துப் போவார்கள். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைத் துணியில் சுற்றி அக்கா கைப்பையில் வைத்துக்கொண்டார். தகடு தகடாகவே இருந்தால் காந்தம் கப்பென்று பிடிக்கும். நசுங்கிய இடத்தில் கனமாகப் பட்டி பூசி மெழுகியிருந்தால் வழுக்கி விழும். அந்தக் காந்தம் எத்தனையோ இடங்களில் விழுந்தது. அது பிடித்து வைத்திருந்த காகிதங்களெல்லாம் ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன என்பது தனிக் கதை.

இந்த நேரத்தில்தான் தம்பி போன் செய்தான்.

அக்காவின் ஒரே தம்பி. பழைய கார்களை வாங்கி விற்கும் பெரிய ஷோரூம் ஒன்றில் விற்பனையாளன். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, எப்போதும் சிரித்த முகம். அவனிடம் வழி கேட்டால்கூட ஏதாவது வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். சின்ன வயதில் அக்காவின் இடுப்பை விட்டு இறங்காதவன். இத்தனை நாளும் அவன் ஷோரூம் பக்கம் அக்கா போகவில்லை. சொந்தத்தில் வியாபாரம் வேண்டாம் என்று நினைத்திருந்தார்.

"அக்கா, உனக்குன்னே செஞ்ச மாதிரி ஒண்ணு வந்திருக்கு. கரும்பச்சை. நாளைக்கே வித்துடும். நான் மேனேஜர் கால்ல விழுந்து நிறுத்தி வச்சிருக்கேன்."

"அடிபட்டதாடா?"

"என்னக்கா நீ! நான் உனக்கு அப்படிக் கொடுப்பேனா? ஒரு கீறல் கிடையாது."

அந்த வார்த்தையில் அக்காவுக்கு உடம்பெல்லாம் இளகிவிட்டதாம். இனி யாரையும் சந்தேகப்பட வேண்டாம், யார் வீட்டுக் கீழ்த்தளத்திலும் குனிந்து பார்க்க வேண்டாம் என்று நினைத்தபோது அழுகை வந்ததாகப் பிறகு சொன்னார். கணவர் அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஷோரூம் நகைக்கடை மாதிரி வெளிச்சமாக இருந்தது. கரும்பச்சை வண்டி நடுவில் ஒரு மேடையில் நின்றது. அக்கா உட்கார்ந்தார். இருக்கை அவர் முதுகுக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. கியர் கையோடு ஒட்டிக்கொண்டது. வெளியே ஒரு சுற்று ஓட்டினார். நேர்கோடு போட்ட மாதிரி போனது. திரும்பி வந்து நிறுத்தியபோது அக்காவின் முகத்தில் கல்யாணப் பெண்ணின் களை என்று கணவர் சொன்னார். தம்பி இனிப்பு டப்பாவை வெளியே எடுத்துவிட்டான்.

அப்போதாவது விட்டிருக்கலாம். பழக்கம் விடவில்லை. அக்கா டிக்கியைத் திறந்து தரைவிரிப்பை ஓரமாகத் தூக்கினார்.

அடியில் தகடு அலை அலையாக இருந்தது. கசங்கிய துணியை அவசரமாக இஸ்திரி போட்டால் வருமே, அந்த மாதிரி. தகடுகள் சேரும் இடத்தில் ஒரு பக்கம் இயந்திரம் வைத்த சீரான பசைக் கோடு. மறு பக்கம் யாரோ பிரஷ்ஷால் அப்பிய பசை, மயிர்க்கோடுகள் கூட அழியவில்லை. அக்கா கைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். பின்பக்க மூலையில் வைத்தார். வழுக்கியது. கொஞ்சம் தள்ளி வைத்தார். வழுக்கியது. அந்த அமைதியான ஷோரூமில் காந்தம் பளிங்குத் தரையில் டக்கென்று விழுந்து உருண்டது எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா, இங்க வேணாம்க்கா. எல்லாரும் பாக்குறாங்க" என்று தம்பி கிசுகிசுத்தான்.

"இது பின்னாடி அடிபட்டதாடா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது."

கோட்டு போட்ட மேனேஜர் வேகமாக வந்தார். "ஒண்ணுமில்ல மேடம், சின்ன பார்க்கிங் உரசல்."

"கீறல் இல்லைன்னு இவன் சொல்றான். உரசல்னு நீங்க சொல்றீங்க. டிக்கித் தரை வரைக்கும் கசங்கியிருக்கு. முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் அப்படி உக்காந்திருக்கேன்."

அங்கே வேறு வண்டி பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மெதுவாக வாசலை நோக்கி நகர்ந்தது. மேனேஜர் தம்பியைப் பார்த்த பார்வையில் அவன் கூசிப் போனான். "தம்பி மேல கூட நம்பிக்கை இல்லையாக்கா உனக்கு?" என்றான். அக்கா குனிந்து காந்தத்தைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வீடு போய்ச் சேர்வதற்குள் அம்மாவிடமிருந்து போன். "கூடப் பொறந்தவன் மானத்தைக் கடை நடுவுல வாங்கிட்டியாமே. இந்த வயசுல உனக்கு எதுக்குடி அந்த வண்டி?"

"அம்மா, அவன்தான் என்கிட்ட..."

"சின்னப் பையன்டி அவன்."

சின்னப் பையனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அக்கா போனை அணைத்தார். நடந்துகொண்டிருந்த கணவர், நல்ல எண்ணத்தில்தான், ஒன்று சொன்னார்.

"மனுஷங்க ஓட்டுற வண்டி. எங்கயாவது இடிக்கத்தான் செய்யும். எல்லாத்தையும் நோண்டிப் பாத்தா நாம எதையும் வாங்க முடியாது."

"இடிச்சது தப்புன்னா சொன்னேன்? இடிக்கவே இல்லைன்னு என் முகத்தைப் பாத்துச் சொல்றாங்களே, அதை எப்படிங்க தாங்கறது?"

கணவர் களைத்திருந்தார். எத்தனை ஞாயிறுகள் யார் யார் வீட்டுத் தரையிலோ மல்லாந்து படுத்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்திருக்கிறார். "நிஜமாச் சொல்லு. உனக்கு வண்டி வேணுமா, இல்ல குத்தம் கண்டுபிடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டார்.

அக்கா நடுத்தெருவில் நின்றார். பிறகு கணவருக்கு முன்னால் வேகமாக நடந்து போய்விட்டார். அன்று வீட்டில் பாத்திரங்கள் தேய்க்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது. திட்டு வரவில்லை. அதுதான் தனக்குப் பயமாக இருந்தது என்று கணவர் சொன்னார்.

அடுத்த சில வாரங்கள் எங்களுக்குக் கஷ்டகாலம். ஒன்றுமே இல்லாத இடத்தில் அக்காவின் கால் அழுந்தும். தூரத்தில் நாய் படுத்திருந்தால் அழுந்தும். காகிதம் பறந்தால் அழுந்தும். "நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டால், "பண்ணிடுவீங்களோன்னுதான்" என்பார். நான் அந்த மாதம் டெஸ்ட்டில் மறுபடி தோற்றேன். அக்கா ஆறுதல்கூடச் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் நானும் அக்காவும் மைதானத்தில் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான். வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். சட்டையில் மடிப்பு கலைந்திருந்தது.

"அக்கா, பேசணும்."

அக்கா திரும்பவில்லை. "கிளாஸ் நடக்குது. நீங்க ஓட்டுங்க சார்."

நான் ஓட்டினேன். என்ன செய்ய? அக்காவும் தம்பியும் முகம் பார்க்காமல் பேச, நான் நடுவில் எட்டு எட்டாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அம்மாகிட்ட சொன்னது தப்புதான்" என்றான்.

"அது கிடக்கட்டும். வண்டி அடிபட்டது உனக்குத் தெரியுமா தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

நான் கண்ணாடியில் பார்த்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியாதுக்கா. நான் கேக்கல. வண்டி உள்ள வந்தப்ப பின்பக்கம் மட்டும் ரொம்பப் புதுசாப் பளபளன்னு இருந்துச்சு. பட்டறைல ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. கேட்டா தெரிஞ்சுடும்னுதான் கேக்கல. தெரியாதவரைக்கும் தெரியாதுன்னு சொல்றது பொய் இல்லையே."

"மத்தவங்களுக்கு அப்படித்தான் விக்கிறியா?"

"எல்லாரும் அப்படித்தான்க்கா விக்கிறாங்க."

"நான் உன் அக்காடா."

"அதான்க்கா. உன்கிட்டயும் அதே வாய்தான் பேசுச்சு. எனக்கே அப்புறம்தான் உறைச்சுது."

அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நான் வளைவைத் தவறவிட்டேன். முன்னால் தடுப்புக் கூம்பு. பக்கத்துக் கால் அழுந்தும் என்று காத்திருந்தேன். அழுந்தவில்லை. கூம்பு வண்டிக்கு அடியில் மாட்டிக் கரகரவென்று இழுபட்ட பிறகுதான் அக்கா திடுக்கிட்டு மிதித்தார். முதன்முறையாக எங்கள் அக்கா பிரேக்கைத் தவறவிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, "இறங்கி அதை எடுத்துப் போடுடா" என்று தம்பியிடம் சொன்னார். அவன் மண்ணில் முட்டி போட்டுக் கூம்பை இழுத்தெடுத்தான். அவ்வளவுதான் சமாதானம். பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இனி வண்டியே வேண்டாம் என்று அக்கா முடிவு செய்திருந்தார். கணவர்தான், தான் சொன்ன சொல்லுக்குப் பரிகாரம் தேடுகிறவர் போல, கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஒரு மாட்டு டாக்டரிடம் பேச்சுக்கொடுத்து, அவரிடம் இரண்டு சீட்டு வண்டி ஒன்று விற்பனைக்கு இருப்பதைத் தெரிந்துகொண்டு வந்தார். "பாத்துட்டு வந்துடலாம். நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார்.

மாட்டு டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், "வாங்க, முதல்ல அடிபட்ட இடத்தைப் பாத்துடுங்க" என்று கூட்டிப் போனார்.

வண்டி கருநீலம். முன்பக்க ஒற்றை மட்கார்டு மட்டும் வெள்ளை. வேறு ஏதோ வண்டியிலிருந்து கழற்றிப் போட்டது, பெயிண்ட்கூட அடிக்கவில்லை. திருமண வீட்டிலிருந்து ஒற்றைச் செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு வந்தவர் மாதிரி நின்றது அது.

"குறுக்க ஒரு நாய் வந்துச்சுங்க. ஸ்டியரிங்கை ஒடிச்சேன். நாய் தப்பிச்சுது, சுவர் தப்பிக்கல" என்றார் டாக்டர். போனில் படங்களைக் காட்டினார். நொறுங்கிய விளக்கு, மடிந்த தகடு, பக்கத்தில் தலையில் கைவைத்தபடி அவர். "பாக்க வர்ற எல்லாரும் இந்தக் கலரைப் பாத்ததும் திரும்பிப் போயிடறாங்க. பெயிண்ட் அடிச்சு வித்துடுன்னு என் மனைவி சொல்றா. அடிச்சா உள்ள என்ன இருக்குன்னு வாங்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதைக் கேட்டு அக்கா சந்தோஷப்பட்டார் என்று நினைப்பீர்கள். இல்லை. சந்தேகம்தான் அதிகமானது. இவ்வளவு சொல்கிறாரே, எதை மறைக்க இதைச் சொல்கிறார்? ஒரு காயத்தைக் காட்டி இன்னொன்றை மூடுகிறாரோ? அந்த வண்டியை அவர் பார்த்த மாதிரி வேறு எதையும் பார்த்ததில்லை. காந்தம் எல்லா இடத்திலும் கப்பென்று பிடித்தது. ரப்பர்களுக்கு அடியில் விளிம்பு இல்லை. காற்றுப்பை விளக்கு எரிந்து அணைந்தது. மோதலில் இறுகிய தடம் இருக்கிறதா என்று சீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்துப் பார்த்தார். மைதானத்தில் ஓட்டினார், தடம் சரியாக இருந்தது. பெரிய பட்டறையில் தூக்கி வைத்துச் சக்கரக் கோணங்களை இயந்திரத்தில் அளக்கச் சொன்னார். எல்லாம் அளவோடு இருந்தது.

"வேற எங்கயும் அடி இல்லையே?" என்று டாக்டரிடம் கடைசியாகக் கேட்டார்.

"இல்லைங்க. ஒண்ணு போதாதா?"

வீட்டுக்கு வந்து அக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு? எதாவது கிடைச்சுதா?" என்றார் கணவர்.

"ஒண்ணும் கிடைக்கலைங்க. அதான் எரிச்சலா வருது."

கணவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சமையலறைக்குள் ஓடினார். மறுநாள் வண்டியை வாங்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகாவது நிம்மதி கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. தெருவில் ஒவ்வொருவரும் வெள்ளை மட்கார்டைப் பார்த்துவிட்டு, "ஐயோ, வாங்கின உடனே இடிச்சுட்டீங்களா?" என்றார்கள். இடிக்கவில்லை, இடித்ததைத்தான் வாங்கினேன் என்றால் இன்னும் பாவமாகப் பார்த்தார்கள். "இத்தனை மாசம் தேடி, அடிபட்டதையா வாங்கின?" என்று அம்மா போனில் அங்கலாய்த்தார். எங்கள் ஸ்கூல் முதலாளி அதை அங்கே நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். டிரைவிங் ஸ்கூல் வாசலில் அப்படி ஒரு வண்டி நின்றால் வியாபாரம் என்னாவது? அக்கா முதலில் எல்லோருக்கும் பொறுமையாக விளக்கினார். பிறகு பாதி விளக்கினார். பிறகு "ஆமா, இடிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு நடக்கக் கற்றுக்கொண்டார்.

தம்பி வந்து பார்த்தான். "எங்க பட்டறைல சொல்லி மட்கார்டை நீலமா அடிச்சுத் தரேன்க்கா. யாருக்கும் தெரியாது."

"தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்."

கரும்பச்சை வண்டியைப் பற்றி அக்கா கேட்டார். வாங்க வந்தவர்களிடம், பின்னால் அடிபட்டுச் சரிசெய்தது என்று அவன் சொல்ல ஆரம்பித்திருந்தானாம். யாரும் வாங்கவில்லை. மேனேஜர் அந்த வண்டியைப் பக்கத்து மேசைக்காரனிடம் கொடுத்தார். அவன் ஒரு கீறல்கூட இல்லை என்று சொல்லி அந்த வாரமே விற்றுவிட்டான்.

அக்காவுக்கு அது ஆறவே இல்லை. ஒருநாள் சிக்னலில் அதே வண்டி பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி ஓர் இளம் ஜோடி. அக்கா கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, உங்க வண்டி பின்னாடி பலமா அடிபட்டது. டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்க. ஒரு நல்ல பட்டறைல காட்டிடுங்க."

அந்தப் பையன் அக்காவைப் பார்த்தான். கருநீல வண்டியையும் வெள்ளை மட்கார்டையும் பார்த்தான். "முதல்ல உங்க வண்டியைக் காட்டுங்க ஆன்ட்டி" என்றான். பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பச்சை விழுந்து அவர்கள் பறந்துவிட்டார்கள். பின்னால் ஹாரன் அடித்தும் அக்கா கொஞ்ச நேரம் கிளம்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரோடு மகளைப் பார்க்கக் கிளம்பினார். நீண்ட சாலை, காலி. கிளட்ச் கனமாக இருந்தது, முட்டி வலித்தது, ஆனாலும் வண்டி அவர் நினைத்த பக்கமெல்லாம் போனது. கணவர் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அக்கா வைப்பரைப் போட்டார். கணவர் பக்கத்து வைப்பர் ஆடியது. ஓட்டுபவர் பக்கத்து வைப்பர் அசையவில்லை.

ஓரமாக நிறுத்தி, டாக்டருக்குப் போன் போட்டுக் கத்தினார். "வைப்பரைப் பத்தி ஏங்க சொல்லல?"

"அது வேலை செய்யலையா?" என்றார் டாக்டர் உண்மையான ஆச்சரியத்தோடு. "நான் மழையில வண்டி எடுத்ததே இல்லையேங்க."

மழை விடும்வரை இருவரும் அந்தச் சின்ன வண்டிக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அக்கா திட்டினார். டாக்டரை, தம்பியை, மேனேஜரை, சிக்னலில் சிரித்த பெண்ணை, வைப்பர் செய்த கம்பெனியை, ஒருவரையும் விடவில்லை. கணவர் கண்ணாடி துடைக்கும் துணியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ஆமா", "ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.